அந்தப் புளிப்பு யாருடையது?

அத்தியாயம் 11

சென்ற வாரம் நாம் விட்டு வந்தபோது ஸ்தமாத்தி ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொடி பிடுங்கும் மெஷின் வருவதற்கான காகிதம் அது. முப்பத்தோரு வருடம் அவர் வளர்த்த பதினைந்து ஏக்கர் வெள்ளைத் திராட்சை அன்று பொழுது சாய்வதற்குள் விறகுக் குவியலாகக் கிடக்கும்.

மகள் தெஸ்பினா அழவில்லை. சண்டையும் போடவில்லை. தோட்டத்தைத் தன்னிடம் விட்டுவிடச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில், அவருடைய திராட்சையில் செய்து அட்டைப்பெட்டியில் அடைத்து விற்கிற பெட்டி ஒயினை ஒரே ஒரு தடவை அவர் குடித்துப் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் பிடுங்குவதானால் பிடுங்கட்டும்.

இன்று அந்த ஞாயிறு.

*

ஆஸ்திரேலியாவின் ஜூலை மாதக் குளிர். பார்மெரா ஊருக்கு வெளியே, ஆற்றுப் பக்கமாக மூடுபனி இன்னும் கலையவில்லை. இலை உதிர்ந்த கொடிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நின்றன. அக்கம்பக்கத் தோட்டங்களில் எல்லாம் கிளை வெட்டி முடித்தாயிற்று. ஸ்தமாத்தியின் தோட்டத்தில் மட்டும் போன வருடத்துக் கொடி பரட்டைத் தலையாய்க் கிடந்தது. பிடுங்கப்போகிற கொடிக்கு யார் முடி வெட்டுவார்கள்?

தெஸ்பினா வேலியோரம் நடந்து போனாள். அந்தப் பக்கம் கேலம் கையில் கத்தரியோடு நின்றான். பக்கத்துத் தோட்டத்து ட்ரெவரின் ஒரே மகன்.

இரண்டு வருடமாக இந்த வேலியோரத்தில்தான் அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஆறு வற்றிய கோடையில், ட்ரெவர் தன் பங்குத் தண்ணீரை வெளியாளுக்கு விற்றுவிட்டார். இரண்டு தோட்டத்துக்கும் பொதுவாக ஓடிய பம்பு நின்றுபோனது. ஸ்தமாத்தியின் இருநூறு கொடிகள் காய்ந்தன. அன்றோடு பேச்சும் நின்றது. ஒருவர் கடைக்குள் நுழைந்தால் மற்றவர் ரொட்டி வாங்காமலே வெளியே வந்துவிடுவார்.

"உங்க அப்பா நிஜமாவே குடிக்கறேன்னாரா?" என்றான் கேலம்.

"குடிக்கறேன்னார். வாயைக் கழுவ பக்கத்துலயே தண்ணி வெச்சுக்குவேன்னும் சொன்னார்."

கேலம் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பதினேழாம் தொட்டியைப் பற்றி முழுசாகச் சொல்லிவிட வேண்டாம் என்றான். முதலில் மெஷினை நிறுத்தட்டும். மற்றதை நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பதினேழாம் தொட்டி. அதுதான் அவள் ரகசியம்.

தெஸ்பினா ஊர்க் கோடியில் இருக்கிற ஒயின் ஆலையில் வேலை பார்க்கிறாள். ஐந்து வருடம் பரிசோதனைக் கூடத்தில் குழாயும் கண்ணாடியுமாக நின்றவளுக்கு இந்த வருடம்தான் முதல் முறையாக ஒரு தொட்டியைக் கலக்கக் கொடுத்தார்கள். பெட்டிக்குப் போகிற மலிவு ஒயின்தானே, கெடுத்தாலும் பரவாயில்லை என்று கொடுத்த தொட்டி.

வழக்கமாக இந்த ஆலையில் யாருடைய திராட்சை எதில் போய்ச் சேர்ந்தது என்று கடவுளுக்கும் தெரியாது. நூறு தோட்டத்துத் திராட்சை ஒரே தொட்டியில் விழும். ஆனால் மார்ச் மாதம் அந்த மழை வாரத்தில், மணல் தரையுள்ள இரண்டே தோட்டங்களில்தான் அறுவடை வண்டி இறங்க முடிந்தது. ஒன்று ஸ்தமாத்தியுடையது. அவருடைய கோர்டோ திராட்சை, பூ மாதிரி மணக்கிற உருண்டைப் பழம். இன்னொன்று ட்ரெவருடையது. கொலம்பார்டு, பல் கூசுகிற புளிப்பு.

பதினேழாம் தொட்டியில் பாதிக்குப் பாதி, பேசாத இரண்டு வீடுகள்.

"உங்க அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டாள். ட்ரெவரும் அதே மெஷின்காரனிடம் சொல்லியிருந்தார். செவ்வாய் காலை அவர்களுக்கு, மத்தியானம் இவர்களுக்கு.

"நானும் இன்னிக்கே அவர்கிட்ட பேசிடறேன்" என்றான் கேலம்.

ஒரு தோட்டம் போனால் இன்னொன்று தனியாக நின்று பயனில்லை. அது இருவருக்கும் தெரிந்திருந்தது.

*

கிரேக்கக்காரரான ஸ்தமாத்தி தன் வாழ்நாளில் பெட்டி ஒயின் குடித்ததில்லை. தன் திராட்சையை லாரியில் ஏற்றி ஆலை எடைமேடையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். அது நாடு முழுக்கக் குளிர்பெட்டிகளில் அட்டைப்பெட்டியாகப் போய் உட்கார்ந்ததைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. வீட்டில் குடிக்கத் தனியாகக் கொஞ்சம் சிவப்புத் திராட்சை வைத்திருந்தார். கொட்டகையில் இரண்டு மரப் பீப்பாய். அதுதான் ஒயின். மற்றது, அவர் கணக்கில், காலேஜ் பையன்கள் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளிப் பையை, குடை மாதிரிச் சுழலுகிற துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, கொடியைச் சுற்றிவிட்டு, பை யார் முன்னால் வந்து நிற்கிறதோ அவன் வாயில் பீச்சிக்கொள்கிற சமாச்சாரம்.

தெஸ்பினாவின் அம்மா அடிலெய்டில் இருந்தாள், அண்ணன் வீட்டுப் பிரசவத்துக்குப் போனவள். அதனால் ஞாயிறு சமையல் கலியோபி அத்தையுடையது. ஸ்தமாத்தியின் அக்கா. அடுத்த தெருவிலிருந்து சுடச்சுட ஆட்டுத் தொடையையும் எலுமிச்சை பிழிந்த உருளைக்கிழங்கையும் தட்டோடு காரில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்குவாள்.

வந்தவள் மேஜை மேல் இருந்த நாலு லிட்டர் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். அதன் மேல் ஒரு பூப்போட்ட துணியை எடுத்துப் போர்த்தினாள்.

"ஏன் அத்தை மூடறீங்க?"

"ஜெபம் சொல்லணுமே. அதைப் பாத்துக்கிட்டே எப்படிச் சொல்றது?"

ஜெபம் ஆயிற்று. துணியை தெஸ்பினா எடுத்தாள். பெட்டியின் முன்பக்கத்து அட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி உடைத்தாள். விரலை உள்ளே விட்டுக் குழாயை வெளியே இழுத்து அட்டையில் பொருத்தினாள். ஸ்தமாத்தி, பால் கறப்பதை முதல் முறை பார்க்கிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீளக் காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பையை அவள் கொண்டு வரவில்லை. அவர் தினமும் குடிக்கிற குட்டைத் தம்ளரையே வைத்தாள். பாதி நிரப்பினாள்.

அவர் உடனே எடுக்கவில்லை. ரொட்டியை ஒரு துண்டு கிள்ளி வைத்துக்கொண்டார். ஒரு ஆலிவ் காயை எடுத்து இடது கையில் தயாராகப் பிடித்துக்கொண்டார்.

"மருந்தாடா குடிக்கப்போற?" என்றாள் அத்தை. "ஆலிவைக் கீழ வை. பொண்ணு முகத்தைப் பாரு."

தெஸ்பினா முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. தோட்டம் இருக்கிறதா, போகிறதா? இந்த ஒரு வாயில்தான் இருந்தது.

ஸ்தமாத்தி குடித்தார்.

விழுங்கினார். தம்ளரைக் கீழே வைத்தார். ஆலிவ் காய் இன்னும் கையிலேயே இருந்தது. மறுபடி தம்ளரை எடுத்தார். இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக.

"மோசமில்லை" என்றார்.

தம்பி இப்படி மோசமில்லை என்று சொன்னது தன் நினைவில் இதற்கு முன் மூன்றே தடவைதான் என்று அத்தை சொன்னாள். ஒன்று கல்யாணப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தபோது. மற்ற இரண்டும் பிள்ளைகள் பிறந்தபோது.

அவர் அத்தையைக் கவனிக்கவில்லை. நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார். தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு பேச ஆரம்பித்தார். வீட்டில் ஒரு மாதமாகக் கேட்காத குரல்.

"முதல்ல வாசனை வருது. அது கிடக்கட்டும், அது பொம்பளைங்க தலையில வெச்சுக்கற பூ மாதிரி, வந்துட்டுப் போயிடும். அப்புறம் இங்க, நாக்கோட ரெண்டு பக்கத்துலயும், ஒரு புளிப்பு நிக்குது பாரு. எலுமிச்சைத் தோல் மாதிரி. அதுதான் இதைத் தூக்கி நிறுத்துது. அது இல்லேன்னா இது வெறும் சர்க்கரைத் தண்ணி."

"ஆமாப்பா" என்றாள் தெஸ்பினா.

"அது எதுனால வந்துது தெரியுமா? ஆத்துப் பக்கத்து வரிசைக்கு பிப்ரவரியில நான் தண்ணியைக் குறைச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. கொடியைக் கொஞ்சம் தாகத்துல விடணும், அப்பத்தான் புளிப்பைக் கையில பிடிச்சு வெச்சுக்கும். முப்பது வருஷமா சொல்றேன். ஒருத்தனும் கேக்கலை. இப்பப் பாரு, பெட்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு அது பேசுது."

அவர் எழுந்தார். அலமாரி மேலிருந்த போனை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, மெஷின்காரனின் எண்ணைத் தேடினார்.

"ஞாயித்துக்கிழமைதான். திட்டுவான். திட்டட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அத்தை சிலுவைக் குறி போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கை எல்லார் தட்டிலும் போட ஆரம்பித்தாள்.

தெஸ்பினாவுக்கு வேண்டியது நடந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். கேலம் சொன்னதும் அதுதான். மூன்று மாதம் கெஞ்சியும் நகராத மனிதர் தானாகவே போனைக் காதில் வைத்துவிட்டார்.

தப்பான காரணத்துக்காக.

"அப்பா, போனை வைங்க."

"இரு, மணி அடிக்குது."

"வைங்கப்பா. அந்தப் புளிப்பு நம்மளது இல்லை."

அவர் போனை வைத்தார். அந்தப் பக்கம் யாரோ ஹலோ சொன்னது மேஜை வரை கேட்டது, அறுந்துபோனது.

"பின்ன யாரோடது?"

"ட்ரெவரோட கொலம்பார்டு. இந்தப் பெட்டி வந்த தொட்டியில பாதி அவரோடது."

கலியோபி அத்தை கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

ஸ்தமாத்தியின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. மகள் ஏமாற்றியதற்காக அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கோபப்பட்டது வேறொன்றுக்கு.

"ஏன் சொன்ன? சும்மா இருந்திருக்கலாம் இல்ல? நான் போன் போட்டுட்டேனே."

"போட்டிருப்பீங்க. கொடியும் தப்பிச்சிருக்கும். அடுத்த வருஷம் பெட்டியைத் திறந்து அந்தப் புளிப்பைத் தேடுவீங்க. அது இருக்காது. ஏன் இல்லேன்னு கேப்பீங்க. நான் என்னப்பா சொல்றது?"

"ஏன் இருக்காது?"

"அவரும் பிடுங்கறார். அதே மெஷின், அதே செவ்வாய்க்கிழமை. காலையில அவர், மத்தியானம் நாம."

இது அவருக்குத் தெரியாது. ஒன்பது வருடம் ஒருவரைப் பற்றி எதையும் காதில் வாங்காமல் இருந்தால் இதுவும் தெரியாமல்தான் போகும். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தார். அங்கே கொடி எல்லாம் ஒழுங்காக வெட்டியிருந்தது. பிடுங்கப்போகிறவன் எதற்கு வெட்டினான் என்று முணுமுணுத்தார்.

அதை வெட்டியது யார், எந்த நம்பிக்கையில் என்று தெஸ்பினாவால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

"அப்ப இதுல நம்மளது எது?" என்று கேட்டார்.

தெஸ்பினா குளிர்பெட்டியைத் திறந்து, ஆலையிலிருந்து கொண்டு வந்திருந்த இரண்டு சின்னப் பாட்டில்களை எடுத்தாள். கலப்பதற்கு முன்னால் எடுத்து வைத்த மாதிரிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் டேப் ஒட்டி, அவள் கையெழுத்தில் ஒற்றை எழுத்து. இரண்டு தம்ளரில் தனித்தனியாக ஊற்றினாள்.

முதல் தம்ளரை எடுத்ததும் அறையே மணத்தது. மல்லிகையும் பழுத்த ஆரஞ்சும் போல. கலியோபி அத்தை தன் மூக்கையும் நீட்டினாள். ஸ்தமாத்தி கண்ணை மூடிக் குடித்தார். வாயில் போட்டதும் ஒன்றுமில்லை. இனிப்பு வந்தது, வழுக்கிக்கொண்டு போனது.

"வாசனை சோப்புக் கரைச்ச தண்ணி" என்றாள் அத்தை, தனக்கும் ஒரு வாய் எடுத்துக்கொண்டு.

"அது என் திராட்சை" என்றார் அவர்.

"தெரியுது. உன்னை மாதிரியேதான் இருக்கு. வாசல் வரைக்கும் பெரிய சத்தம், உள்ள வந்தா ஒண்ணும் இல்லை."

இரண்டாவது தம்ளர். அதில் மணமே இல்லை. குடித்த அத்தை முகத்தை அப்படியே சுருக்கிக்கொண்டு ரொட்டியைத் தேடினாள். ஸ்தமாத்தி சுருக்கவில்லை. எலுமிச்சைத் தோல். நாக்கின் இரண்டு பக்கமும். இதைத்தான் அவர் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தன்னுடையதென்று மார்தட்டினார்.

அவர் இரண்டு தம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆட்டுத் தொடை ஆறிக்கொண்டிருந்தது. யாரும் அவரைச் சாப்பிடச் சொல்லவில்லை.

"இதைக் கலக்கலாம்னு யாருக்குத் தோணிச்சு?"

"எனக்குத்தான். ஆலையில எல்லாரும் கோர்டோவோட சர்க்கரையை அப்படியே விட்டு இனிப்பா அனுப்பச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

"நீ மாட்டேன்னா கேட்டுக்கிட்டாங்களா?"

"மூணு தடவை மாட்டேன்னேன்."

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பிடிவாதம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்காது.

பிறகு எழுந்து, அட்டைப்பெட்டியின் காதில் விரலைக் கோத்துத் தூக்கிக்கொண்டார்.

"மெஷின்காரனுக்கு அப்புறம் பேசலாம். முதல்ல அவன் பிடுங்கக் கூடாது. அவன் பிடுங்கிட்டா நான் வெச்சிருந்து என்ன பிரயோஜனம்?"

"எங்கடா போற?" என்றாள் அத்தை.

"ட்ரெவர் வீட்டுக்கு."

அத்தை இரண்டு கேள்வி கேட்க வாயெடுத்தாள். கேட்காமல், வெளியே குளிருகிறது, கோட்டைப் போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னாள்.

*

தெருவைச் சுற்றிப் போனால் கால் மணி நேரம். அவர் சுற்றவில்லை. தோட்டத்துக்கு நடுவே, இரண்டு வரிசைக்கு இடையில் நேராக நடந்தார். தெஸ்பினா பின்னால் ஓடாத குறையாகப் போனாள். வேலியில் கம்பி தளர்ந்த இடத்தை அவள் காட்டினாள். அந்த இடம் அவளுக்கு எப்படி இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று அவர் யோசிக்கவில்லை. வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். ஒன்பது வருடத்துக்கப்புறம் சொல்லப்போகிற முதல் வாக்கியத்தை இங்கிலீஷில் ஒத்திகை பார்க்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

ட்ரெவர் வீட்டுப் படியில் ஏறி, கொசுவலைக் கதவைத் தட்டினார்.

கதவு உடனே திறந்தது, உள்ளே யாரோ காத்துக்கொண்டிருந்தது போல.

ட்ரெவர் தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், இஸ்திரி போட்ட சட்டையின் கழுத்துப் பட்டனைக்கூடப் போட்டிருந்தார். காலில் மட்டும் வெறும் சாக்ஸ். அவர் தோளுக்குப் பின்னால் கேலம் நின்றான். தெஸ்பினாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. பெரிதாகத் தலையாட்டினான். எதற்கு ஆட்டுகிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ட்ரெவர்" என்றார் ஸ்தமாத்தி. தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் கொலம்பார்டைப் பிடுங்காதே. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ட்ரெவர் அவர் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்தார். கையில் ஒயினோடும் கூடவே மகளோடும் ஒரு தகப்பன் தன் வீட்டுப் படியேறி வந்ததற்கு என்ன அர்த்தம் என்று அவர் தானாகவே முடிவு செய்துவிட்டது கண்ணில் தெரிந்தது. அந்தக் கண் கொஞ்சம் கலங்கவும் செய்தது.

"அதைக் காலையிலயே நிறுத்தியாச்சு. மெஷின்காரனுக்குச் சொல்லிட்டேன். கேலம் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான்." வலைக் கதவை முழுக்கத் திறந்து பிடித்தார். "தண்ணி விஷயத்துல நான் பண்ணது தப்பு. அதை உக்காந்து பேசலாம். உள்ள வாங்க, சிம்பெதெரே."

அந்தக் கடைசிச் சொல் இங்கிலீஷ் இல்லை. சுத்தக் கிரேக்கம். பெண்ணைக் கொடுத்தவரும் பெண்ணை எடுத்தவரும் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்கிற சொல். நாம் சம்பந்தி என்கிறோமே, அதேதான்.

கேலமின் தலையாட்டல் பாதியில் நின்றது.

ட்ரெவர் ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தார். "காலையிலேர்ந்து கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாத்துக்கிட்டிருக்கேன். சரியா வரலையா?"

ஸ்தமாத்தி பெட்டியைக் கையில் பிடித்தபடியே மெதுவாகத் திரும்பினார். கிரேக்கத்தில், ரொம்ப அமைதியாக, மகளைக் கேட்டார்.

"இந்த வார்த்தையை இந்த வீட்டுக்கு யாரு சொல்லிக்குடுத்தா?"

கேலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தெஸ்பினா அவனைக் கையால் தடுத்தாள். கீழ்ப்படியிலிருந்து ஒரு படி மேலேறி, அப்பாவின் கண்ணுக்கு நேராக நின்றாள். இன்று வாயை மூடிக்கொண்டு ஜெயித்திருக்கக் கூடிய இடம் ஏற்கனவே ஒன்று போயிருந்தது. இது இரண்டாவது.

"நான்தான்ப்பா."